மேக்கப்புக்கு ஓர் ஆள்

ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்ட பிறகு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். இங்கே நானும் சிட்டுவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், சுகமில்லை என்று எழுதினால் அங்கே உட்கார்ந்து தவிப்பீர்கள். அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். உங்கள் இருமல் நின்றதா? போன மாதம் பார்க்க வந்தபோது கேட்க நினைத்து மறந்துவிட்டேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான், நடுவில் இருபது நிமிடம். அதில் எதைத்தான் கேட்பது?

இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் அங்கே ஒரு அதிகாரி படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். அவர் வீட்டில் பெண் இருந்தால் உதவியாக இருக்கும். இதில் பாதிக்கு மேல் மேக்கப் சமாச்சாரம்தான்.

சிட்டு கல்யாணத்துக்கு மேக்கப் போட ஆள் பார்க்கிறேன் என்றதும் நீங்கள் சிரித்தீர்கள். “எம்பொண்ணு முகத்துக்கு என்ன கொறச்சல்?” என்று கேட்டீர்கள். மணி அடித்துவிட்டதால் பதில் சொல்லாமல் வந்தேன். இப்போது சொல்கிறேன். குறைச்சல் ஒன்றுமில்லை, தூக்கம்தான் குறைச்சல். நீங்கள் போனதிலிருந்து மருந்துக்கடையில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறாள். கண்ணுக்குக் கீழே கரிக்கட்டையால் கோடு போட்ட மாதிரி இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சம்பந்தியம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நம் கதை முழுவதும் தெரியும், தெரிந்துதான் பெண் கேட்டார்கள். அவர்களுடைய சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. பெண்ணின் அப்பா வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முதலில் பெண் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் பெண்ணின் அப்பா எங்கே என்று தேடுவார்கள். முகம் நன்றாக இருந்தால் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நிற்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அலைகிறேன்.

முதலில் கடைத்தெருவில் இருக்கும் பெரிய பார்லருக்குப் போனோம். கதவைத் திறந்ததுமே குளிர் அடித்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என் கையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பதினோரு வருடம் ப்ளீச்சிங் தண்ணீரில் கிடந்த கை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. வழவழப்பான ஒரு அட்டையை நீட்டினாள். மணப்பெண் பேக்கேஜ் மூன்று: வைரம், மாணிக்கம், முத்து. இருப்பதில் சின்னது முத்து. அதுவே என் இரண்டு மாதச் சம்பளம். அதிலும் தலை அலங்காரம் சேராதாம். சிட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப தலைய வீட்டுல வச்சிட்டு வரணுமா?” என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பே வரவில்லை. எங்களுக்கு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு சேர்ந்து சிரித்தோம்.

அடுத்தது உங்கள் தம்பி பெண்டாட்டி சொன்ன ஆள். அவளுக்கு ஏதோ உறவு, போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டதாம். சொந்தக்காரர்கள் என்பதால் சும்மா ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லி இரண்டு மணி நேரம் பூசியது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். அன்றைக்குப் போர்வை தேய்க்கும் அயர்ன் ரோலர் பக்கம் பத்து மணி நேரம் நின்ற அலுப்பு. கண் விழித்துப் பார்த்தால் முகம் ஒரு பெண்ணுடையது, கழுத்து இன்னொரு பெண்ணுடையது. உங்கள் தம்பி உள்ளே வந்து “யாரு வந்திருக்கா?” என்று கேட்டார். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். மறுநாள் கன்னம் முழுக்கத் தடிப்பு. “விடும்மா, நானே பவுடர் போட்டுக்கறேன்” என்கிறாள். அவள் எல்லாவற்றுக்கும் விடும்மா, விடும்மா என்கிறாள். கல்யாணத்தையே அப்படிச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. வக்கீல் கொடுத்த விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். கல்யாணத்தன்று சில மணி நேரம் உங்களை அனுப்பி வைக்கக் கேட்கும் தாள். இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அங்கே உடனே கொடுத்துவிடுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


புதன்கிழமை, மதிய இடைவேளை, சலவைப் பிரிவு

அன்புள்ள உங்களுக்கு,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதி எழுதி அழிக்கிறேன். இன்றைக்கு எழுதியே தீர்வது என்று துணி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேக்கப்புக்கு ஆள் கிடைத்துவிட்டது. எங்கள் சூப்பர்வைசர் அம்மாவின் தங்கை மகளுக்குப் போட்டவர். பார்லர் எல்லாம் இல்லை. தையல் கடைக்கு மேலே ஒரு அறை, குறுகலான மாடிப்படி, ஜன்னலோரம் ஒரு முக்காலி. வயது நாற்பதுக்குள் இருக்கும். ஒட்ட வெட்டிய முடி. அதிகம் பேசாத பெண்மணி. சிட்டுவை முக்காலியில் உட்கார வைத்து ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டார். முதலில் எதையும் பூசவில்லை. முகத்தைக் கழுவச் சொல்லிவிட்டு, தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, வெயிலில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எத்தன மணி நேரம் தூங்குறீங்க?” என்று கேட்டார். சிட்டு சொன்னாள். “கண்ணுக்குக் கீழ கருப்பா இருந்தா வெள்ளையப் பூசக்கூடாதுங்க. பூசினா சாம்பல் அடிச்ச மாதிரி தெரியும். மொதல்ல ஆரஞ்சு வைக்கணும். அது கருப்ப அடக்கிடும். அதுக்கு மேலதான் உங்க நிறம்” என்றார். விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்துத் தட்டித் தட்டி வைத்தார். இழுத்துத் தேய்க்கவே இல்லை. கன்னத்தில் தடிப்பைப் பார்த்ததும், எந்தச் சரக்குப் போட்டார்கள் என்று கேட்டு, அது இல்லாததாக எடுத்தார். முகத்துக்குப் போட்டதையே கழுத்துக்கும் காதுக்குப் பின்னாலும் போட்டார். அரை மணி நேரம்தான். கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

சிட்டு கண்ணாடியைப் பார்த்தாள். “விடும்மா” என்று மட்டும் சொல்லவில்லை. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்களால் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு, தலை அலங்காரமும் சேர்த்துச் சரி என்றுவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே தரையில் படுத்துத் தூங்கலாம் போல இருந்தது. அலைச்சல் முடிந்தது என்று நினைத்தேன்.

முன்பணத்தை வாங்கிக்கொண்டு நோட்டில் தேதி எழுதும்போது பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று பேச்சுவாக்கில் கேட்டார். வெளியூரில் இருக்கிறார் என்று வழக்கமான பொய்யைச் சொன்னேன். “எனக்கு வீட்டுக்காரர் இல்லீங்க. முன்ன வீட்டோடதான் இருந்தேன். அவர் போனப்புறம் ஆறு மாசம் கத்துக்கிட்டது இந்தத் தொழில்” என்றார். பாவமே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பிரஷ்ஷுகளை எல்லாம் கழுவித் துடைத்து ஒரு டப்பாவில் நிற்க வைத்தார். எவர்சில்வர் டிபன் கேரியரின் அடித்தட்டு. ஒரு பக்கம் கட்டைவிரலால் அமுக்கிய மாதிரி நசுங்கல். அடிவிளிம்பில் சிவப்புப் பெயிண்டில் நான்கு என்று எண்.

அந்த டப்பாவை நான் பதினோரு வாய்தாவும் பார்த்திருக்கிறேன். நீங்கள் கூண்டில் தலையைக் குனிந்தபடி நின்றதால் பார்த்திருக்க மாட்டீர்கள். மேசைமேல் நசுங்கிய சைக்கிள் விளக்கு, ஒரு செருப்பு, கைக்கடிகாரம், அதற்குப் பக்கத்தில் இது. சான்றுப் பொருள் எண் நான்கு என்று ஒருமுறை தூக்கிக்கூடக் காட்டினார்கள். விடியற்காலையில் ரொட்டி அடுப்பு வேலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவரின் சாப்பாட்டு டப்பா. நீங்கள் மூன்றாவது டூட்டியாகத் தொடர்ந்து ஓட்டிவிட்டு, பஸ்ஸை டிப்போவில் விடத் திரும்பிய அந்த முனையில் கண் அசந்தீர்களே, அந்த முனையில் கிடந்த டப்பா.

அப்புறம்தான் அவருடைய முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கோர்ட்டில் தலையில் துணி போட்டுக்கொண்டு, எலும்பும் தோலுமாக, முன்வரிசையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முடி அப்போது நீளம். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன், என்னை அவர் பார்த்திருக்க வழியில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று சிட்டுவிடம் சொன்னேன். அவள் தண்ணீர் வாங்க ஓடினாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் வீட்டுக்காரரை எடுத்துக்கொண்டது நம் கை, நம் பெண் முகத்தைத் தொட்டது அவர் கை என்று எனக்கு ஒரே சுழற்சியாக ஓடுகிறது. ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு யாரையாவது பார்க்கலாம், முன்பணம் போனால் போகிறது. ஆனால் எதுவும் சொல்லாமல் நழுவுவதும் திருட்டு மாதிரி இருக்கிறது. சொல்லாமல் அவர் கையால் மேக்கப் போட்டுக்கொண்டால் அது அதைவிடப் பெரிய திருட்டு.

என்ன செய்யட்டும்? நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். எல்லாவற்றையும் நானே முடிவு செய்து செய்து களைத்துவிட்டேன்.

மணி அடித்துவிட்டார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
நான்


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. நான்கே வரி. ஆனால் இத்தனை நாளில் நீங்கள் எழுதியதிலேயே பெரிய கடிதம் அதுதான். “யார் என்று சொல்லிவிடு. எனக்காக மன்னிப்புக் கேட்காதே. கோர்ட்டில் வக்கீல் வாயைத் திறக்காதே என்றார், நானும் திறக்கவில்லை. மன்னிப்பை நான்தான் கேட்க வேண்டும்.” படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தேன், வேறு ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை.

முதலில் சிட்டுவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “அவங்க என் முகத்த தொட்டுட்டு இருந்தப்ப ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். கடைசியில்தான் தெரிந்தது என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள், “நீ மட்டும் போவாத. நானும் வர்றேன்” என்றாள். அப்போது உங்களைப் பார்த்த மாதிரியே இருந்தது.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் போனோம். மாடியில் அவர் ஒரு பையில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். நாள் மாற்ற வந்தோம் என்று நினைத்து நோட்டை எடுத்தார். நான் உட்காரவில்லை. ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்துவிட்டது. “நான் அந்த பஸ் டிரைவரோட சம்சாரம். இது அவர் பொண்ணு. அவர் வெளியூர்ல இல்ல, ஜெயில்ல இருக்கார். போன தடவ இங்க வந்தப்பதான் அந்த டப்பாவப் பாத்து நீங்க யாருன்னு தெரிஞ்சுது” என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் “யாரு?” என்றார். திரும்பவும் சொன்னேன். ஒரு விஷயத்தை இரண்டாம் முறை சொல்வது முதல் முறையை விடக் கஷ்டம். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு திறந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார்.  “போங்க” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. போங்க என்றார், போனோம். மன்னிப்பு வாய் வரைக்கும் வந்தது. நீங்கள் எழுதியதை நினைத்து விழுங்கிக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இறங்கியது எனக்கு எவ்வளவு பாரம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. சிட்டு பவுடர் டப்பா வாங்கி வந்து அலமாரியில் வைத்தாள். நேற்றுச் சாயங்காலம் போன் வந்தது. அவர்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அந்தத் தேதிக்கு நான் வர்றேன். அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? மூஞ்சியக் குடுத்துட்டு உக்காந்திருந்துச்சு, அவ்வளவுதான? ரேட்டு பேசினதுதான். கொறைக்கவும் மாட்டேன், சும்மாவும் போட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. அவர் கல்யாணத்துக்கு வர்றதா இருந்தா, அவர் வர்றதுக்கு முன்னாடி நான் கெளம்பிடணும். என்னால பாக்க முடியாது” என்றார். சரி என்றேன். வைத்துவிட்டார். சிட்டுவிடம் சொன்னபோது அவள் பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வக்கீல் காலையில் சொன்னார், அனுமதி கிடைத்துவிட்டதாம். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. சாதாரண உடையில் இரண்டு காவலர்கள் கூட வருவார்கள். பதிவாளர் வந்து கையெழுத்து வாங்குவது பத்தரைக்கு. மேக்கப் ஒன்பதுக்கெல்லாம் முடிந்துவிடும். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. நீல சட்டையைத் தேய்த்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இடுப்பு தொளதொளவென்று இருக்கும், பெல்ட்டும் வைத்திருக்கிறேன், அங்கே அனுமதித்தால் கட்டிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் வெளியூரில் எங்கே என்று கேட்டால் மாப்பிள்ளை பேசிக்கொள்வார். நீங்கள் சும்மா சிரியுங்கள்.

பெண்ணுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெண்ணின் அம்மா


வெள்ளிக்கிழமை, கல்யாணம் முடிந்த ஆறாம் நாள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வீடு காலியாக இருக்கிறது. இரண்டு நாள் லீவு போட்டுப் பாத்திரம் திருப்பிக் கொடுத்து, நாற்காலிக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, எல்லாம் முடிந்து இன்றைக்குத்தான் கால் நீட்டி உட்கார்ந்தேன். சிட்டு நேற்றுப் போன் செய்தாள். மாப்பிள்ளை வீட்டில் ஒன்பது மணி நேரம் தூங்கினாளாம். மாமியார் எழுப்ப வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டாராம். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது, சந்தோஷ அழுகைதான்.

அன்றைக்கு உங்களோடு மூன்று மணி நேரம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் மூன்று வார்த்தை பேச முடியவில்லை. அந்தப் பக்கம் சம்பந்திக் கூட்டம், இந்தப் பக்கம் அந்த இரண்டு பேர். நீங்கள் சாப்பிட்டீர்களா என்றுகூடப் பார்க்கவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்து, “பொண்ணு நல்லாத் தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கா” என்றீர்கள். அதற்கு முன்னால் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மேக்கப்காரம்மா விடியும்போதே வந்துவிட்டார். ஹாலுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் ஜன்னல் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டார். சிட்டுவும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மேலே பாருங்க, கீழே பாருங்க, உதட்டை மூடுங்க, அவ்வளவுதான். கண்ணுக்கு மை வரையும்போது அவர் கை நின்றுவிட்டது. பிரஷ்ஷை வைத்துவிட்டு வெளியே குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் கை கழுவினார். சிட்டு ஒற்றைக் கண்ணில் மையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.  போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்து, கையைத் துடைத்து, விட்ட இடத்திலிருந்து வரைந்தார். இரண்டு கண்ணும் ஒரு நூல் பிசகவில்லை.

முடிந்ததும் சிட்டுவின் கண் கலங்கியது. “இப்ப அழாதீங்க. வேல கெட்டுரும்” என்றார். கடுமையாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு காகிதக் கைக்குட்டையை மடித்து, கண்ணோரத்தில் ஒற்றி எடுத்தது அவர்தான். மீதிப் பணம் இருந்த பை உங்கள் தம்பியிடம் மாட்டிக்கொண்டதால், இரண்டு மூன்று நாளில் வந்து தருகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் பெட்டியை மூடினார்.

மணி அப்போது ஒன்பதே கால்கூட ஆகவில்லை. பத்து மணிக்கு வர வேண்டிய வண்டி வந்து நின்றுவிட்டது. ரோடு காலியாக இருந்ததாம், சீக்கிரம் வந்தால் சீக்கிரம் திரும்பலாம் என்று உங்கள் கூட வந்தவர்கள் நினைத்தார்களாம். எனக்கு இதெல்லாம் அப்புறம்தான் தெரியும். நான் பக்கவாசலுக்கு வந்தபோது அவர் பெட்டியோடு படி இறங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் நீல சட்டையில் படிக்குக் கீழே நின்றீர்கள்.

 நீங்கள் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டீர்கள். படி அப்போதுதான் கழுவிவிட்டிருந்தது. “ஈரமா இருக்கு, பாத்துப் போங்கம்மா” என்றீர்கள். நினைவிருக்கிறதா? ஒட்ட வெட்டிய முடி, கறுப்புப் பெட்டி. அவர் ஒரு நிமிடம் நின்று உங்கள் முகத்தைப் பார்த்தாரே. நீங்கள் அவரை யாரோ சம்பந்தி வீட்டு ஆள் என்று நினைத்துச் சிரித்தீர்கள். வெளியூரிலிருந்து வந்த பெண்ணின் அப்பா சிரிக்க வேண்டிய மாதிரியே சிரித்தீர்கள். நான்தானே சிரிக்கச் சொல்லி எழுதியிருந்தேன்.

அவர்தான் அது.

அவர் அந்த ஈரப்படியில் கவனமாகக் கால் வைத்து இறங்கிப் போனார். ரோட்டில் திரும்புகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு நீங்கள் “என்ன, மேல வரலாமா?” என்று கேட்டீர்கள். வாங்க என்றேன். என் முகம் ஏன் அப்படி இருந்தது என்று நீங்கள் உள்ளே வந்ததும் கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான்.

புதன்கிழமை மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு போனேன்.  கணக்கு பிசகிவிட்டது, வண்டி முன்னாலேயே வந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பணத்தை வாங்கினார், எண்ணினார், பைக்குள் வைத்தார். எனக்கு அதுவே பெரிய நிம்மதி. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

அப்புறம் அவராகவே பேசினார். “பாத்துப் போங்கன்னு சொல்றாரு. என்கிட்ட” என்றார்.   எனக்கு டீ தரட்டுமா என்றோ உட்காருங்கள் என்றோ சொல்லவில்லை. “அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒரே கோவம். என்னத் தெரியலயே அந்த மனுசனுக்குன்னு. கோர்ட்டுல அத்தன நாள் நான் அந்த மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவர் ஒரு தடவகூட நிமுந்து பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?” என்று கேட்டார். என்னையே கேட்கிற மாதிரி கேட்டார்.  அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். “எப்ப விடுறாங்க?” என்று கேட்டார். பதினாலு மாதம் என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். “வெளிய வந்ததும் ஒரு நாள் வரச் சொல்லுங்க. நான் யாருன்னு தெரிஞ்சு வரச் சொல்லுங்க. நிமுந்து பாக்கச் சொல்லுங்க. நான் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது. திட்டினாலும் திட்டுவேன். கதவச் சாத்தினாலும் சாத்துவேன். ஆனா வரச் சொல்லுங்க” என்றார்.

சொல்லிவிட்டேன்.

சிட்டுவின் படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றுதான் அனுமதி என்றார்கள். நீங்களும் அவளும் சேர்ந்து நிற்கிற படம் வேறு இருக்கிறது, அதை அடுத்த மாதம் கண்ணாடியில் ஒட்ட வைத்துக் காட்டுகிறேன். இதில் அவள் மட்டும்தான்.

உங்களை நான் எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை. மூன்றாவது டூட்டி வேண்டாம் என்று அன்றைக்குக் கட்டாயப்படுத்தியிருக்கலாம், செய்யவில்லை. அதனால் இதை மட்டும் கேட்கிறேன். நீங்கள் வந்த மறுநாளே, முடி வெட்டி, நல்ல சட்டை போட்டு, நாம் இரண்டு பேருமாக அந்தத் தையல் கடை வரைக்கும் போவோம். நான் கீழே நிற்பேன். நீங்கள் ஏறுங்கள். எவ்வளவு நேரமானாலும் நின்றுகொண்டிருப்பேன்.

அதுவரைக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருங்கள். நல்லபடியாக வாருங்கள்.

என்றும் உங்கள்,
கீழே நிற்கப் போகிறவள்